படகுக்காரனைத் தூக்கிப் போட்டவன்

கன்னியப்பன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இத்தனை அவஸ்தை இருந்திருக்காது. செய்ததைச் செய்துவிட்டு, காலை நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டிருப்பான். நல்லவன் செய்கிற தப்புக்குத்தான் ஆயுசு அதிகம். அது சோற்றில் வந்து உட்காரும், கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரும், மாமியார் பிரியமாக ஒரு டம்ளர் மோர் நீட்டினால் அந்த மோரிலும் உட்காரும்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் ஏரியை ஒட்டிய ஊர் அவனுக்கு. அப்பாவின் நிலம் போன இடத்தில் எழுந்த தொழிற்சாலையில் அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த காம்பவுண்டில்தான் கிடைத்தது. கார் சீட்டுக்கான இரும்புச் சட்டங்கள் கொக்கிகளில் தொங்கியபடி வரிசையாக வரும், அவற்றுக்கு பெயிண்ட் அடிக்கிற வேலை. கான்ட்ராக்டர்கள் மாறினார்கள், அடையாள அட்டையில் பெயர்கள் மாறின, ஆனால் அதே கொக்கி, அதே பெயிண்ட் துப்பாக்கி, அதே கன்னியப்பன். முப்பத்தைந்து வயதைத் தாண்டியும் அவன் கான்ட்ராக்ட் ஆள்தான்.

அந்தக் கம்பெனியில் மனிதர்கள் இரண்டு நிறம். நிரந்தரமானவர்களுக்கு நீலச் சட்டை, கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் சட்டை. கேன்டீனில் எல்லாருக்கும் ஒரே சாம்பார்தான். ஆனாலும் நீலச் சட்டைக்காரன் தட்டில் காய் கொஞ்சம் கூடுதலாக விழுவதாகச் சாம்பல் சட்டைக்காரர்கள் நம்பினார்கள். அந்தப் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள்கூட மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பதில்லை, என்ன கலர் சட்டை என்றுதான் கேட்பார்கள். சாம்பல் சட்டையோடு இருந்த அவனுக்குத் தன் மகள் காவேரியைக் கொடுத்த அம்சவல்லியை அவன் அதற்காகவே தெய்வமாக மதித்தான். அவள் விதவை. மகளோடு அவளும், அவள் மகன் லோகேஷும் கன்னியப்பன் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். லோகேஷை அதே கம்பெனியில், அதே பெயிண்ட் லைனில் சேர்த்துவிட்டதும் கன்னியப்பன்தான்.

சேர்த்துவிட்டபோது ஒன்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. லோகேஷின் கை அவன் கையைவிட நல்ல கை.

இரண்டு வருடத்தில் எல்லாருக்கும் அது தெரிந்துவிட்டது. லோகேஷ் அடித்த சட்டத்தில் பெயிண்ட் வழியாது, குமிழ் வராது. ஒடிசா, பீகார் பையன்களோடு பேசிப் பேசி இந்தியும் பிடித்துக்கொண்டான். லைனில் ஏதாவது தகராறு என்றால் சூப்பர்வைசர் தணிகாசலம் முதலில் தேடுவது லோகேஷைத்தான். கன்னியப்பனுக்கு அதில் பெருமை இருந்தது. மச்சான் என்று தோளில் கை போட்டுக்கொள்வான். பெருமைக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதை அவன் திறந்து பார்க்கவில்லை.

ஒருநாள் மதியம் டீ நேரத்தில் தணிகாசலம் அவனைத் தனியாக அழைத்தார். அந்த லைனிலிருந்து ஒருவரை மட்டும் நிரந்தரம் செய்யச் சொல்லி மேலே இருந்து வந்திருக்கிறது. சீனியாரிட்டி பார்த்தால் கன்னியப்பன், கையைப் பார்த்தால் லோகேஷ். ஒரே வீட்டுக்காரர்கள், நாளைக்கு மனஸ்தாபம் வரக்கூடாது, நீயே ஒரு வார்த்தை சொல் என்றார். தணிகாசலம் நியாயமான மனிதர். நியாயமானவர்கள் சில சமயம் இப்படித்தான், கத்தியை எடுத்து மரியாதையாக நம் கையிலேயே கொடுத்துவிடுவார்கள்.

கன்னியப்பன் டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அவன் கப்பலுக்குப் போறான் சார். பேசி முடிச்சாச்சு.”

அது பொய். முழுப் பொய் என்று சொல்ல முடியாதபடி அதற்கு ஒரு சின்ன வால் இருந்தது. தண்டலம் பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டியிருந்த கப்பல் வேலை விளம்பரத்தை முந்தின வாரம் லோகேஷ் நின்று படித்தான். ‘கடலையே சரியா பாத்தது இல்ல மாமா, ஜாலியா இருக்கும்ல’ என்று சிரித்தான். அவ்வளவுதான் நடந்தது. தணிகாசலம் நிம்மதியாகத் தலையாட்டினார். அப்படியென்றால் பிரச்சினையே இல்லை என்று டீயைக் குடித்து முடித்தார்.

அன்று வேலை முடிந்ததும் கன்னியப்பன் வீட்டுக்குப் போகவில்லை. தண்டலம் போய் அந்த விளம்பரத்தை போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தான். சொன்ன பொய்யை எப்படியாவது நிஜமாக்கிவிட்டால் அது பொய் இல்லை என்று ஆகிவிடும் என்பது அவன் கணக்கு. உலகத்தில் பாதி பாவம் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது.

மாதக் கடைசியில் கன்னியப்பனுக்கு நீலச் சட்டை வந்தது. கப்பலுக்குப் போகிறவன்தானே என்று லோகேஷின் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. அன்று சாயங்காலம் லோகேஷ் வீட்டுக்கு வந்து வாசலில் குந்தினான். நீலச் சட்டையை மடிப்புக் கலையாமல் வைத்துக்கொண்டிருந்த கன்னியப்பனைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, கப்பல் ஏஜென்ட் நம்பர் ஏதாவது இருக்கிறதா மாமா என்று கேட்டான். கன்னியப்பனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் இருந்தது. கடவுளே வழிவிட்டார் என்று நினைத்தான். இருக்குடா, ரெடியா இருக்கு என்று போனை நீட்டினான்.

போனை நீட்டிய வேகம்தான் அவனைக் காட்டிக்கொடுத்தது என்பது அப்போது அவனுக்குத் தெரியாது.

பயிற்சி, சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் கன்னியப்பனே கூட அலைந்தான். விமான நிலையம் வரை போய் வழியனுப்பினான். அம்சவல்லி மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் அப்பன் இருந்தால்கூட இவ்வளவு செய்திருக்க மாட்டான் என்று அழுதாள். கன்னியப்பன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பிள்ளையைப் பிரிந்த வருத்தம் என்று காவேரி அதற்கும் ஒரு நல்ல பெயர் வைத்தாள்.

லோகேஷ் ஏறியது ஒரு பழைய சரக்குக் கப்பல். அங்கேயும் பெயிண்ட் வேலைதான். துருவைச் சுரண்டு, பெயிண்ட் அடி, மறுபடி சுரண்டு. முதல் சில மாதம் சம்பளம் வந்தது, படங்கள் வந்தன. பிறகு ஈரானில் பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்கு வெளியே கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. நின்றது நின்றதுதான். முதலாளி என்று ஒருவன் ஏதோ ஒரு நாட்டில் இருந்தான். அவன் போனை எடுக்கவில்லை. ஆள் இல்லாமல் கப்பலை விட முடியாது என்று துறைமுகத்தார் யாரையும் இறங்க விடவில்லை. சம்பளம் இல்லை, டீசல் இல்லை, குடிக்கிற தண்ணீர் ஒரு படகில் வந்தது. கரை கண்ணுக்குத் தெரிந்தது. ராத்திரியில் அங்கே வீடுகளில் விளக்கு எரிவதுகூடத் தெரியும் என்று லோகேஷ் சொன்னபோது அம்சவல்லி போனைக் காவேரியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கன்னியப்பன் நீலச் சட்டையில் வேலைக்குப் போய்வந்தான். சட்டை புதிது. கழுத்துப் பட்டை அறுத்தது.

தண்ணீர் கொண்டுவந்த படகுக்காரர் பெயர் பெஹ்ரூஸ். துபாயில் இருந்தபோது இந்தி கற்றவர். ஒரகடம் பெயிண்ட் லைனில் கற்ற இந்தியும் துபாய் இந்தியும் நடுக்கடலில் சந்தித்துக்கொண்டன. படகின் பெயர் நாஹித். அது யார், உங்கள் மகளா என்று லோகேஷ் கேட்டிருக்கிறான். மகள் இல்லை, ஆத்தா என்றாராம் அவர். அந்த நாட்டில் ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், நெருப்பைக் கும்பிட்டவர்கள் காலத்தில், தண்ணீருக்கெல்லாம் அவள்தான் ஆத்தா. ஆறும் அவளே, பெண்ணும் அவளே. அன்றிலிருந்து படகு வரும்போதெல்லாம் லோகேஷ் தண்ணீரோடு ஒரு கதையும் வாங்கினான். வாங்கியதை வாய்ஸ் மெசேஜில் வீட்டுக்கு அனுப்பினான். சம்பளம் அனுப்ப முடியாதவன் வேறு எதை அனுப்புவான்?

அந்தக் கதைகளில் கடல் சாதாரணக் கடல் இல்லை. உலகத்து ஆறெல்லாம் அதிலிருந்துதான் கிளம்பி அதிலேயே வந்து சேரும். நடுவில் ஒரு மரம். உலகத்தில் உள்ள எல்லாச் செடி கொடிக்கும் விதை அதில்தான். மரத்தின் வேரைக் கடிக்க ஒரு கெட்ட தவளை சுற்றிக்கொண்டே இருக்கிறது, அது பக்கத்தில் வராதபடி ஒரு பெரிய மீன் கண் மூடாமல் காவல் காக்கிறது. செக்யூரிட்டி வேலை போல என்றான் லோகேஷ், ஷிப்ட் மாற்ற ஆளே வராத செக்யூரிட்டி. இன்னொரு இடத்தில் கழுதை ஒன்று நிற்கிறது. மூன்று கால், ஆறு கண், ஒன்பது வாய், ஒற்றைக் கொம்பு. கடலில் கலக்கிற விஷத்தையெல்லாம் அது மூத்திரம் பெய்தே சுத்தம் செய்கிறது. இதைக் கேட்டு அம்சவல்லி பல மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். நம் ஊர்க் கால்வாய்க்கு அந்தக் கழுதையை ஒரு வாரம் அனுப்பச் சொல்லு என்றாள்.

மழைக்கு ஒரு சாமி இருந்தது, வெள்ளைக் குதிரை. வறட்சிக்கு ஒரு பூதம், ரோமம் உதிர்ந்த கறுப்புக் குதிரை. இரண்டும் அந்தக் கடற்கரையில் மோதின. முதல் மோதலில் வெள்ளைக் குதிரை தோற்று ஓடியது. என் ஜனங்கள் என் பெயரைச் சொல்லிக் கும்பிட்டிருந்தால் எனக்கு பலம் வந்திருக்குமே என்று அழுததாம். கும்பிட்ட பிறகுதான் ஜெயித்தது. நாமும் மறக்காமல் கும்பிடுவோம் என்று அம்சவல்லி அன்றே விளக்கேற்றினாள். கன்னியப்பன் கும்பிடும்போது கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மூடினால் டீ டம்ளர் தெரிந்தது.

அப்புறம்தான் அந்தக் கதை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது லோகேஷே போனில் வந்தான். காவேரி ஸ்பீக்கரில் போட்டாள்.

ஒரு படகுக்காரன் இருந்தான், பெயர் பாவுர்வா. கைதேர்ந்த படகோட்டி. அந்தக் காலத்தில் ஃபெரிதூன் என்று ஒரு வீரன், மூன்று தலைப் பாம்பையே ஜெயித்தவன். அந்த வீரன் ஒருநாள் படகுக்காரனைப் பிடித்து, கழுகு ரூபமாக்கி வானத்தில் தூக்கி எறிந்துவிட்டான். படகுக்காரன் மூன்று பகல், மூன்று ராத்திரி பறந்தான். வேறெங்கும் போகவில்லை, தன் வீட்டைப் பார்த்தே பறந்தான். வீடு கீழே தெரிகிறது. இறங்க முடியவில்லை. மூன்றாவது ராத்திரி விடிகிற நேரத்தில், தண்ணீர் ஆத்தாவே, என்னை உயிரோடு மண்ணில் இறக்கிவிடு, என் வீட்டில் கொண்டுபோய் விடு, ஆற்றங்கரையில் உனக்கு ஆயிரம் முறை பால் ஊற்றிப் படைக்கிறேன் என்று கதறினான். அவள் அழகான பெண்ணாக ஓடி வந்தாள். அவன் கையைப் பிடித்தாள். ஒரு காயம் இல்லாமல் அவன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள்.

அம்சவல்லி அழுதுகொண்டிருந்தாள். லோகேஷ் சிரித்துக்கொண்டே, எல்லாம் சரி, எனக்கு ஒன்றுதான் புரியவில்லை என்றான். அந்த வீரன் எதற்காகப் படகுக்காரனைத் தூக்கிப் போட்டான்? பெஹ்ரூஸிடம் கேட்டதற்கு, காரணம் எழுதி வைக்கவில்லை, படகுக்காரன் தப்பு செய்ததாகவும் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டாராம். நீங்கள் ஆளுக்கு ஒரு காரணம் சொல்லுங்கள் என்றான்.

ஷேர் ஆட்டோக்காரன் மாதிரி நடு வழியில் கூலியைக் கூட்டிக் கேட்டிருப்பான் என்றாள் அம்சவல்லி. வீரன் குடித்திருப்பான் என்றாள் காவேரி. போனில் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியது.

“மாமா, நீ இன்னா சொல்ற?”

கன்னியப்பன் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தான். “யாருக்குத் தெரியும்டா,” என்றான். “பழைய கதை.”

“செரி மாமா,” என்றான் லோகேஷ்.

அதற்குப் பிறகும் இரண்டு தடவை, வேறெதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, நடுவில் வந்து அதையே கேட்டான். காரணம் ஏதாவது தோன்றியதா மாமா? பையனுக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்துக்கொண்டான் கன்னியப்பன். அப்படி நினைத்துக்கொள்ள அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். காரணம் அவனிடம் இருந்தது. எல்லாரும் படகுக்காரனோடு பறந்துகொண்டிருந்தபோது அவன் மட்டும் கீழே, தூக்கிப் போட்டவனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஃபெரிதூனுக்கும் ஒரு நீலச் சட்டை தேவைப்பட்டிருக்கும் என்று நினைத்தான். எவ்வளவு பெரிய வீரனாக இருந்தால் என்ன, தன்னைவிட நல்ல கை பக்கத்தில் இருந்தால் தூக்கம் வராது.

பிறகு கன்னியப்பன் ஓடத் தொடங்கினான். இதைச் சொல்லாமல் விட்டால் அவனுக்கு அநியாயம் செய்ததாகும். காஞ்சிபுரத்தில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்றான். சென்னையில் கப்பல் துறை அலுவலகம், மாலுமிகள் சங்கம், ஒரு வக்கீல் என்று படியேறினான். லீவு முடிந்து சம்பள வெட்டில் போனான். எழுதத் தெரியாத இங்கிலீஷில் எழுதினான். பதில் வராதபோது மறுபடி எழுதினான். தணிகாசலமே கூப்பிட்டு, நிரந்தர ஆள் இப்படி லீவு போட்டால் நன்றாக இருக்காது என்று எச்சரித்தார். போனால் போகட்டும் சார் என்றான் கன்னியப்பன். அதை அவன் நிஜமாகவே சொன்னான். அவ்வளவு கஷ்டப்பட்டவன், போனை எடுத்து ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் போனைக் கையில் எடுப்பான். பாவம், அவனே தனியாகக் கிடக்கிறான், இதையும் சொல்லி எதற்கு நோகடிக்க வேண்டும் என்று உள்ளே வைத்துவிடுவான். தன் பயத்துக்கு அவன் இரக்கம் என்று பெயர் வைத்திருந்தான்.

அம்சவல்லி தன் பங்குக்கு ஒரு வேண்டுதல் வைத்தாள். அந்த ஊர்த் தண்ணீர் ஆத்தாவுக்கு எந்தக் கோவிலும் இங்கே இல்லை. தண்ணீர் எங்கிருந்தாலும் ஒரே ஆத்தாதானே என்று அவளே முடிவு செய்தாள். என் பிள்ளை வீடு வந்து சேரட்டும், ஆயிரம் முடியாது தாயே, ஏரியில் ஒரு குடம் பால் ஊற்றுகிறேன் என்றாள். ஆத்தாவுக்கு பேரம் புதிதில்லை போலிருக்கிறது. யாரோ எங்கோ கையெழுத்துப் போட்டார்கள், கப்பல் வேறு கைக்கு மாறியது, பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் லோகேஷ் வந்து இறங்கினான்.

கறுத்து, இளைத்து, தாடியோடு வந்தான். வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். அம்சவல்லி பார்க்கிறவர்களிடமெல்லாம், என் மருமகன்தான் கையைப் பிடித்து இறக்கிக் கொண்டுவந்தான் என்று சொன்னாள். ஊரே கன்னியப்பனைப் பார்த்துத் தலையசைத்தது. கோவில் தர்மகர்த்தா நயினார் அவனுக்கு ஒரு துண்டு போர்த்தினார். அவன் அதைத் தோளில் ஒரு நிமிடம்கூட வைத்திருக்கவில்லை.

லோகேஷ் நன்றாகத்தான் பேசினான், சிரித்தான். ஆனால் ராத்திரி ஆனால் பாயை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவான். உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்பான். தை மாதம், பனி கொட்டுகிறது, தெருநாய்கூட உள்ளே வரப் பார்க்கிறது, இவனுக்குப் புழுக்கமாம். பொங்கல் கழிந்ததும் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ரூம் பார்த்துக்கொண்டு போகப்போகிறேன் என்றும் சொல்லிவிட்டான். கடலில் தனியாக இருந்து பழகிவிட்டதாம். பிள்ளை திரும்பி வந்தும் வீட்டுக்கு வரவில்லையே என்று அம்சவல்லி சமையல்கட்டில் முணுமுணுத்தாள். கன்னியப்பன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். காலையில் மாடியிலிருந்து இறங்கி வருகிறவனின் தலைமுடியில் பனி ஈரம் தெரியும்.

வேண்டுதல் நிறைவேற்றுவதற்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஏரிக்கரைக்குப் போனார்கள். மழை நன்றாகப் பெய்த வருடம், ஏரி தளும்பி நின்றது. அம்சவல்லி பால் பாக்கெட்டுகளைக் கத்தரித்துப் பித்தளைக் குடத்தில் ஊற்றினாள். காலி கவர்களைக் கரையில் போடப் போனவளை லோகேஷ் தடுத்து, எல்லாவற்றையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டான். அந்த ஆத்தாவுக்குத் தண்ணீரில் எச்சில் துப்பினால்கூட ஆகாதாம். பெஹ்ரூஸ் கடலில் துப்பிய ஒரு சமையல்காரனைத் திட்டித் தீர்த்துவிட்டாராம்.

காவேரி கற்பூரம் ஏற்றினாள். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆபத்திலிருந்து மீண்டவனுக்காக வேண்டுதல் கழிக்கும்போது, மீட்டவன் முதலில் ஊற்ற வேண்டும், மீண்டவன் அதற்கு அப்புறம். முதல் கை மரியாதை. அம்சவல்லி குடத்தைத் தூக்கி மருமகனிடம் கொடுத்தாள்.

“நீ மொதல்ல ஊத்து மாப்ளே. நீ இல்லன்னா என் புள்ள இல்ல.”

கன்னியப்பன் குடத்தை வாங்கிக்கொண்டு படியில் இறங்கினான். முழங்கால் அளவு தண்ணீர். பின்னாலேயே லோகேஷும் இறங்கினான். கரையில் நின்ற இருவருக்கும் கேட்காத தூரம். ஊற்றவேண்டியதுதான் பாக்கி. கன்னியப்பனின் கை குடத்தைச் சாய்க்க மறுத்தது. பொய்யை இது வரை மனிதர்களிடம்தான் வைத்திருந்தான். இப்போது தண்ணீரிலும் ஊற்ற வேண்டும். துப்பினாலே ஆகாது என்கிற தண்ணீர்.

“லோகேஷு,” என்றான். “அந்த வீரன் படகுக்காரனை ஏன் தூக்கிப் போட்டான்னு கேட்டியே.”

“கேட்டேன். தெரியாதுன்னு சொன்ன.”

“எனக்குத் தெரியும்டா.”

லோகேஷ் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். “உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும் மாமா. வேலய விட்டு நின்ன அன்னிக்கே தணிகாசலம் சார் கை குடுத்தாரு. கப்பலுக்குப் போறியாமே, உங்க மாமாதான் சொன்னாருன்னாரு. நேரா வூட்டுக்கு வந்தேன். உன்ன கேட்டுரலாம்னுதான் வந்தேன். நம்பர் கேட்டதும் நீ போன நீட்டுன பாரு, அதோட செரின்னு வுட்டுட்டேன்.”

அப்படியானால் எல்லாம் தெரிந்துதான் போயிருக்கிறான். விமான நிலையத்தில் காலைத் தொட்டுக் கும்பிட்டபோதும் தெரியும். ஸ்பீக்கரில் எல்லாரையும் சிரிக்க வைத்தபோதும் தெரியும்.

“தெரிஞ்சுக்கினே ஏன்டா எங்கிட்ட திருப்பித் திருப்பிக் கேட்ட?”

“நீ சொல்லுவன்னுதான்,” என்றான் லோகேஷ். அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கன்னியப்பனுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். “நான் கதையா கேட்டேன்? அங்க குந்திக்கினு தெனம் கரையப் பாத்துக்கினு இருப்பேன். மாமா ஒரு வார்த்த சொல்லிட்டா போதும், கப்பல் எப்ப வுட்டா இன்னா, நான் வூட்டுக்கு வந்துட்ட மாரி. நீ யாருக்குத் தெரியும்னுட்ட. இப்ப வந்துட்டேன், ஆனா எறங்க முடியல மாமா. உள்ள படுத்தா உன் மூஞ்சியப் பாக்கணும்.”

கரையிலிருந்து அம்சவல்லி, இன்னும் என்ன பேச்சு, கற்பூரம் அணையப் போகிறது என்று குரல் கொடுத்தாள். கன்னியப்பன் குடத்தோடு கரைப் பக்கம் திரும்பினான். எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன், இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றான். லோகேஷ் அவன் முழங்கைக்கு மேலே இறுகப் பிடித்தான்.

“அம்மா கிட்ட வாணாம். அதுக்கும் அக்காவுக்கும் இந்த வூடு வேணும். எங்கிட்ட சொல்லு. சார் கிட்ட நீ சொன்னத அப்படியே சொல்லு, உன் வாயால.”

கன்னியப்பன் சொன்னான். எத்தனையோ ராத்திரி மனதுக்குள் ஓடிய வாக்கியம், வெளியே வரும்போது கல் மாதிரி ஒவ்வொரு சொல்லாக விழுந்தது.

“அவன் கப்பலுக்குப் போறான் சார், பேசி முடிச்சாச்சுன்னு சொன்னேன். நீ போறேன்னு சொல்லவே இல்ல, நானா சொன்னேன்… உன் கை என் கையவிட நல்ல கை. அதுக்குத்தான்.”

லோகேஷ் தலையாட்டினான். மூச்சை நீளமாக விட்டான். முகத்தில் தண்ணீரை அள்ளி ஒருமுறை அடித்துக் கழுவினான். “இப்ப ஊத்து,” என்றான்.

“நீயே ஊத்துடா. எனக்கு அந்த யோக்யதை இல்ல.”

“இல்லதான். ஆனா அதுக்கு நீதான் என்ன எறக்கிவுட்ட ஆத்தா,” என்று கரையில் நின்ற அம்மாவைக் கண்ணால் காட்டினான் லோகேஷ். “அந்தப் பேர நீ சாவுற வரைக்கும் சொமக்கணும். ஊத்து.”

இருவர் கையும் குடத்தில் இருந்தது. யார் முதலில் சாய்த்தார்கள் என்று கரையிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. பால் தண்ணீரில் கொஞ்ச தூரம் வெள்ளையாகப் போய்க் கரைந்தது. காலிக் குடத்தோடு மேலேறி வரும்போது லோகேஷ், ரூம் எல்லாம் வேண்டாம் அம்மா, இன்றைக்குக் கீழேயே படுத்துக்கொள்கிறேன், மாடியில் பனி தாங்கவில்லை என்றான். அம்சவல்லி அவனை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மாறிவிடுமோ என்கிற பயம்.

அவள் மருமகனிடம் போனாள். ஈர வேட்டியோடு நின்ற கன்னியப்பனின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கிச் சொடுக்கினாள். ஊர் கண்ணெல்லாம் உன் மேலேதான் என்றாள். கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டு அதை வாங்கிக்கொண்டான்.